வரிசை வீட்டுக்குள் நாய் வளர்ப்போர் தூய்மையை எப்படிக் காக்கிறீர்கள்?

கேள்வி: சுங்கை சிப்புட் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து லயத்தில் இருந்தவரை எங்கள் மாமாவின் நாய் வாசலிலும் பால்மரத்தடியிலுமே வளர்ந்தது. வீட்டுக்குள் அது வந்ததே இல்லை. இப்போது லயத்தை விட்டுச் சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு விலை வரிசை வீட்டுக்குக் குடிவந்துள்ளோம். முன்புறக் கம்பிக் கதவோரம் கட்டிவைத்தால் இரவெல்லாம் குரைத்து அக்கம்பக்கத்தாரின் உறக்கத்தைக் கெடுப்பதால், மாமா அதை உள்ளேயே படுக்க வைத்துக்கொள்கிறார். அவருக்கு அந்த நாய்தான் பேச்சுத் துணை என்பதால் வேறு யாரிடமும் கொடுத்துவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

மாலை மழைக்குப் பிறகு செம்மண் கால்தடங்கள் கூடம் முழுவதும் பதிகின்றன. நாற்காலிக்கு அடியில் முடி சேர்கிறது. சமையலறைப் பின்கதவுக்கு அருகில் அது சிறுநீர் கழித்த இடத்தில், குளோராக்ஸ் ஊற்றித் தேய்த்த பிறகும், மழை நாட்களில் வாடை எழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரைச்சீலைக்குப் பின்னால் சுவரில் உண்ணி ஏறுவதைப் பார்த்தேன். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. சாமி மேடையும் அதே கூடத்தில்தான் இருக்கிறது. நாயையும் வைத்துக்கொண்டு வீட்டையும் தூய்மையாக வைத்திருப்பவர்கள் தங்கள் முறையைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஈப்போ வாசகர்

அம்மா, முதலில் அந்த இடத்தில் குளோராக்ஸ் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதன்மேல் குளோரின் கலந்த வெளுப்பான் பட்டால் குளோரமின் என்னும் வாயு உருவாகிக் கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். குழந்தை தவழ்வது தரையை ஒட்டி என்பதால் அது அந்தக் காற்றைத்தான் அதிகம் சுவாசிக்கும்.

வாடை மழை நாட்களில் திரும்ப எழுவதற்குக் காரணம் உண்டு. காய்ந்த சிறுநீரின் படிவு, பூசப்படாத சிமெண்டுத் தரையின் துளைகளிலும் ஓடுகளுக்கு இடையிலுள்ள பூச்சிலும் தங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் கூடும்போது அந்தப் படிவு மறுபடியும் மணக்கத் தொடங்குகிறது. சோப்பு நீரும் நறுமணத் திரவமும் மேற்பரப்பைத்தான் கழுவும். நம் மூக்குக்கு வாடை மறைந்துவிட்டாலும் நாயின் மூக்குக்கு அது மறைவதில்லை என்பதால், அதே இடத்தைத் தன் கழிப்பிடம் என்று எண்ணி நாய் திரும்பத் திரும்ப அங்கேயே போகும். செல்லப்பிராணிக் கடைகளில் நொதி (என்சைம்) கலந்த தரைத் துப்புரவுத் திரவம் கிடைக்கும், அதை வாங்குங்கள். முதலில் வெறும் தண்ணீரால் பலமுறை அலசிப் பழைய குளோராக்ஸையும் சோப்பையும் முழுவதும் போக்க வேண்டும், ஏனெனில் அவை நொதியின் வேலையைக் கெடுத்துவிடும். பிறகு சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்கும்படி தாராளமாக ஊற்றி, புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம்வரை ஈரம் காயாமல் விட்டு, அதன்பின் தானாக உலர விடுங்கள். அவசரப்பட்டு உடனே துடைத்தெடுப்பவர்கள்தான் இந்தத் திரவம் பயனற்றது என்கிறார்கள். புதிதாகப் பட்ட சிறுநீருக்கு வினிகர் கலந்த நீர் ஓரளவு உதவும். பழைய கறைக்கு அது போதாது.

வாடையை மறைக்க மூலைகளில் அந்துருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். அதிலுள்ள நாஃப்தலீன் நாய்க்கு நஞ்சு. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கோ அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பிறந்தவுடன் மருத்துவமனையில் அந்தச் சோதனையை ஏன் செய்கிறார்கள் என்பது குழந்தை பெற்றவர்களுக்குத் தெரியும்.

முடியைப் பொறுத்தவரை, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் முடியும் செதிளும் காற்றில் எழும்பி மீண்டும் வேறிடத்தில் படியும். ஈரமான நுண்ணிழைத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது. அதைவிட நல்லது, காலையில் வெளியே நிறுத்தி ரப்பர்க் கையுறையால் அதன் உடலை நீவிவிடுவது. உதிர வேண்டிய முடியில் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடும். குளிர்காலம் இல்லாத நம் மலேசியாவில் நாய்கள் ஆண்டு முழுவதும் முடி உதிர்ப்பதால் இதை அன்றாட வேலையாகவே கொள்ள வேண்டும்.

பதில்: பழைய தோட்டத்து டிரசர்

மகளே, ஈப்போ நண்பர் சொன்னவை சரி. ஆனால் உங்கள் கேள்வியில், தோட்டத்து மருத்துவ உதவியாளராக (டிரசர்) இருந்த எனக்குக் கவலை தருவது சுவரில் ஏறிய உண்ணிதான். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கக்கூடியது. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி ஆகிய மூன்று பருவங்களிலும் அது நாயின் இரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவரின் மேல்நோக்கி ஏறி, விரிசலிலோ கதவுச் சட்டத்தின் இடுக்கிலோ ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி அத்தகைய இடுக்குகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். முதிர்ந்த உண்ணி இரை கிடைக்காமல் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே நாயின் மேல் நாம் காண்பது வீட்டிலிருக்கும் உண்ணிகளில் சிறு பகுதி மட்டுமே. நாயைக் குளிப்பாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ண முடியாது.

கால்நடை மருத்துவரிடம் நாயின் எடையைச் சொல்லி, மென்று தின்னும் உண்ணி மாத்திரையைக் கேளுங்கள். சிலவற்றை மாதம் ஒருமுறையும், சிலவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்க வேண்டும். உண்ணி கண்ணில் படவில்லை என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. இடுக்கில் இருக்கும் முட்டைகள் பொரிந்து, அந்தக் குஞ்சுகளும் நாயின்மேல் ஏறி மடியும்வரை தொடர வேண்டும். அதே காலத்தில் சுவர் விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, திரைச்சீலைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கண்ணில் படும் உண்ணியை நகத்தால் நசுக்காமல், சாராயச் சத்துள்ள கிருமிநாசினி இருக்கும் மூடிய புட்டிக்குள் போடுங்கள். தோட்டத்தில் செம்பனைக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நீரில் கலந்து நாய்மேல் தெளிப்பதையும், மண்ணெண்ணெய் பூசுவதையும் என் பணிக்காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். நாய் உடலை நக்கும்போது அவை அதன் வயிற்றுக்குள் போகும். அதைத் தொட்டுத் தடவும் குழந்தையின் கையிலும் ஒட்டும். எக்காரணத்தாலும் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவில் நாயின் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் விட்டுவைத்தால் எலி வரும்; எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் செம்பனைத் தோட்ட வட்டாரங்களில் நமக்குப் பழகிய நோய். நாய்க்கும் அது வரும், நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரலாம். மிச்சச் சோற்றை உடனே எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். இந்நோய்க்கான தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் போடுங்கள். மலத்தை அன்றன்றே அள்ளிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும், வாசல் கால்வாயில் தள்ளிவிடக் கூடாது. நாய் வயிற்று உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் சில வாரங்கள் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது. அதற்குமுன் அள்ளிவிட்டால், தவழ்கின்ற குழந்தைக்கு அந்த ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுத்து வாருங்கள்.

பதில்: கோலகங்சார் வாசகி

தங்கச்சி, மேலே இருவரும் மருந்தையும் திரவத்தையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். என் கருத்தில், அழுக்கு வீட்டுக்குள் வந்த பிறகு துடைப்பதைவிட அஞ்சடியிலேயே (வாசல் நடையிலேயே) அதை நிறுத்திவிடுவதுதான் உழைப்பைக் குறைக்கும். எங்கள் வீட்டு முன்கதவில் ஒரு சிறிய பேசின், பழைய துண்டு, தடித்த தேங்காய்நார் மிதியடி ஆகிய மூன்றும் எப்போதும் இருக்கும். மழையில் வெளியே போய்வந்த நாய் கால் கழுவித் துடைக்கப்படாமல் உள்ளே நுழையாது. விரலிடுக்கை நன்றாக உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து அந்த வாடையும் வீட்டோடு சேர்ந்துவிடும்.

நாய் வீடு முழுவதும் திரிய வேண்டிய தேவையும் இல்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவைப் பொருத்தி, மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் கழுவக்கூடிய விரிப்பு ஒன்றைப் போட்டு, அதுவே தன் இடம் என்று பழக்குங்கள். தோட்டத்தில் வளர்ந்த நாய்க்கு எல்லை தெரியும்; எல்லாரும் ஒரே விதமாக நடந்துகொண்டால் சீக்கிரமே கற்றுக்கொள்ளும். சாமி மேடையைப் பற்றி உங்கள் மாமியார் வருந்தினால் அவருடைய மனத்துக்கு மதிப்புக் கொடுங்கள். முடிந்தால் மேடையை அறைக்குள் மாற்றுங்கள், இல்லையெனில் சுவரில் உயரமாகப் பொருத்தி, விளக்கேற்றும் நேரத்தில் நாயை அஞ்சடிக்கு அனுப்பிவிடுங்கள்.

நாயின் விரிப்பைப் பொதுச் சுயசேவை டோபிக்குக் கொண்டுபோகாதீர்கள். நாயின் எச்சில் பட்ட பொருளை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது நம் மலாய்க்கார அண்டை வீட்டாரின் சமய நெறி; அவர்கள் தொழுகை உடுப்பைத் துவைக்கும் இயந்திரத்தில் நம் நாயின் விரிப்பைப் போடுவது முறையன்று. அதே காரணத்தால் நாய் அவர்கள் அஞ்சடிப் பக்கம் போகாமல் கயிற்றில் பிடித்தே நடத்துங்கள். ஊராட்சி மன்றத்தில் உரிமமும் எடுத்துவிட்டால் யாரும் குறைசொல்ல இடமிருக்காது.

மறுமொழி: சுங்கை சிப்புட் மருமகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தடுப்புக் கதவுக்கு மாமாவே அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது: செவ்வாயும் வெள்ளியும் நாயைக் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்று அத்தை சொல்கிறார், நாங்கள் தலைக்குப் போடும் ஷாம்பூவையே இதுவரை பயன்படுத்தி வருகிறோம். இது சரியா?

பதில்: பழைய தோட்டத்து டிரசர்

வாரத்தில் இரண்டு முறை ஷாம்பூ வேண்டாம், மகளே. அது தோலின் இயற்கை எண்ணெயைக் களைந்துவிடும். தோல் வறண்டு அரிப்பெடுத்து நாய் சொறியத் தொடங்கினால் முடியும் செதிளும் முன்பைவிட அதிகமாக உதிரும். மனிதரின் தோல் அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் அந்த அளவு அமிலத்தன்மை உடையதன்று. ஆதலால் நாய்க்கென்று விற்கும் ஷாம்பூவையே வாங்குங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போதும். அத்தையின் மனநிறைவுக்காகச் செவ்வாயும் வெள்ளியும் ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிடலாம், அதனால் கெடுதல் இல்லை. காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, குளித்த பிறகு முடியின் அடிவரை உலர்த்துங்கள்; உலராத காதிலிருந்தும் தோலிலிருந்தும் வாடை வரும். காதிலிருந்து புளித்த வாடையோ கறுத்த அழுக்கோ வந்தால் வீட்டிலேயே குடைந்து எடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.