நம்ம வீட்டுக் குழு: சிங்கப்பூர் கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்தில் தவறிய எக்ஸிட்

2022, ஒரு சனிக்கிழமை இரவு

9:12 கவிதா: யாரும் கவலைப்பட வேண்டாம். இப்போதுதான் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பொங்கோலில் இருந்து காலாங் வருவதற்கு மரினா வரை சுற்றிவிட்டோம்.

9:14 மீனா அத்தை: பிள்ளைகள் இரண்டும் காரிலேயே தூங்கிவிட்டன. நாளைத் துர்கா வீட்டு விசேஷத்துக்கான வளையல் பெட்டி, சீர்த்தட்டு எல்லாம் பத்திரம். கவிதாவுக்குத்தான் கை இன்னும் நடுங்குகிறது. இடியாப்பம் வைத்திருக்கிறேன், முதலில் சாப்பிடட்டும்.

9:15 செல்வம் பெரியப்பா: என்ன ஆயிற்று? எந்த இடத்தில்?

9:21 கவிதா: கேபிஇ சுரங்கத்தில், பெரியப்பா. உள்ளே போனதும் நெரிசல், ஊர்ந்துதான் போனோம். ஆனால் கைத்தொலைபேசியில் அம்புக்குறி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிவிட்டதாகக் காட்டியது. சரி, தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்து நடுத்தடத்திலேயே இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அதே எக்ஸிட் பலகை கண்முன்னால் வருகிறது! சட்டென்று இடப்பக்கம் ஒடித்தேன். பின்னால் வந்த லாரி நீளமாக ஹார்ன் அடித்தது. பயந்து மறுபடி நடுவுக்கே வந்துவிட்டேன். அப்புறம் நேராக எம்சிஇ விரைவுச்சாலைதான்.

9:23 செல்வம் பெரியப்பா: நடுவுக்கே திரும்பி வந்தாயே, அதுதான் சரி. எக்ஸிட் போனால் போகட்டும் அம்மா. 26 வருடம் டாக்சி ஓட்டினேன், எத்தனை எக்ஸிட் தவறியிருக்கும்! பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் மட்டும் ஒடிக்காதே.

9:24 கதிர்: சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் கிடைக்காது என்று தெரியும். ஆனால் அம்பு நின்றுதானே போக வேண்டும்? ஏன் ஓடியது?

9:33 சுந்தரம் மாமா: நல்ல கேள்வி கதிர். கேபிஇயில் சுரங்கம் மட்டுமே 9 கிலோமீட்டர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் சிக்னல் மிகவும் மெல்லியது, மண்ணையும் கான்கிரீட்டையும் துளைக்காது. உள்ளே போனதும் கைத்தொலைபேசிக்கு வானம் மறைந்துவிடுகிறது. அப்போது ஆப் என்ன செய்கிறது தெரியுமா? நுழையும்போது எந்த வேகத்தில் போனோமோ, அதே வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டு அம்பை நகர்த்துகிறது. சாலை காலியாக இருந்தால் ஓரளவு சரியாக வரும். நெரிசலில் கார் நிற்கும், அம்பு ஓடும். கவிதா பார்த்தது அதுதான். அவள் மேல் தப்பே இல்லை.

9:35 கவிதா: மாமா, இதைக் கேட்டதும்தான் மனசு ஆறுகிறது. நான்தான் பலகையைக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

9:36 கதிர்: எங்கள் காரில் திரையோடு வந்த நேவிகேஷனும் அப்படித்தானா?

9:40 சுந்தரம் மாமா: காரோடு வருவது கொஞ்சம் தேவலாம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, கார் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அது காரிடமே கேட்டுக்கொள்ளும். நெரிசலில் நின்றால் அம்பும் நிற்கும். ஆனால் சிறு சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும், வெளியே வந்து வானத்தைப் பார்த்தால்தான் சரியாகும். சில ஊர்களில் சுரங்கச் சுவரில் புளூடூத் பீக்கன் என்ற சிறு சிக்னல் கருவிகளைப் பதித்து ஆப்புக்கு இடம் சொல்கிறார்கள். அதற்குக் கைத்தொலைபேசியில் புளூடூத் திறந்திருக்க வேண்டும்.

9:42 செல்வம் பெரியப்பா: காரோடு வந்ததில் இன்னொரு சிக்கல், மாப்பிள்ளை. வரைபடம் பழசாகிவிடும். 2013 டிசம்பர் 29ஆம் தேதி எம்சிஇ திறந்தார்கள். என் டாக்சியில் இருந்த கருவி அதற்குப் பிறகும் பழைய ஈசிபி விரைவுச்சாலை வழியாகவே ஏவைஇ விரைவுச்சாலைக்குப் போகச் சொன்னது. அந்தத் துண்டுச் சாலையையே மூடிவிட்டார்கள்! பயணி பின்னால் உட்கார்ந்து "அங்கிள், அதுதான் சொல்கிறதே" என்கிறார். செயற்கைக்கோள் என்ன செய்யும், நாம் நிற்கும் இடத்தை அது சரியாகத்தான் சொன்னது. சாலைதான் அங்கே இல்லை.

9:44 கதிர்: மாமா, இன்னொரு சந்தேகம். நீங்கள் சர்வே வேலையில் நில எல்லையைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்தீர்களே. அதே செயற்கைக்கோள்தானே? அப்புறம் ஏன் காரில் மட்டும் தடுமாறுகிறது?

9:58 சுந்தரம் மாமா: இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் அனுப்புவது நேரத்தை. சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம். இடத்தோடு நேரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் குறைந்தது 4 செயற்கைக்கோள் தெரிய வேண்டும். நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. தனிக் கருவி 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் அதை நிறுத்தினார்கள். இன்று திறந்த வானத்துக்குக் கீழே கைத்தொலைபேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. எங்கள் சர்வே கருவிக்குத் துணை உண்டு. சிங்கப்பூர் நில ஆணையம் 2006ல் தீவில் சில நிலையங்களை அமைத்தது. அவை நிற்கும் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால், செயற்கைக்கோள் சொல்வதில் எவ்வளவு பிழை என்று கணக்கிட்டு எங்கள் கருவிக்கு அனுப்பும். அதனால்தான் சென்டிமீட்டர். உன் கைத்தொலைபேசியில் அந்தத் துணை இல்லை.

இப்போது யோசித்துப் பார். 5 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒன்றரைத் தடம். விரைவுச்சாலையும் அதிலிருந்து பிரியும் ஸ்லிப் ரோடும் தொடக்கத்தில் அவ்வளவுதான் விலகியிருக்கும். நீ எதில் இருக்கிறாய் என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்?

9:59 கதிர்: ஆனால் அம்பு எப்போதும் சாலையின் நடுவில்தானே நிற்கிறது?

10:04 சுந்தரம் மாமா: நான் எல்லாருக்கும் சொல்ல நினைப்பது இதைத்தான். கிடைத்த புள்ளி சாலைக்கு வெளியே, யாரோ ஒருவர் வீட்டுக் கூரை மேல்கூட விழுந்திருக்கும். ஆப் அதைப் பக்கத்தில் உள்ள சாலையின் மேல் ஒட்டிவைத்துக் காட்டுகிறது. திரையில் கச்சிதமாகத் தெரிவதால் கச்சிதமாகத் தெரிந்துகொண்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஷென்டன் வே மாதிரி உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். சிக்னல் கண்ணாடிச் சுவரில் பட்டுச் சுற்றி வரும். சுற்றி வந்தால் தாமதம், தாமதமானால் தூரம் அதிகம் என்று கணக்குத் தப்பும். கெப்பல் வயாடக்ட் மேம்பாலத்தில் மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. உயரத்தை ஜிபிஎஸ் இன்னும் குறைவாகத்தான் சரியாகச் சொல்லும். மேலே இருக்கும்போது கீழே உள்ள விளக்கில் திரும்பச் சொல்லியிருக்கிறது.

10:05 செல்வம் பெரியப்பா: எனக்கும் அங்கே நடந்திருக்கிறது!

10:07 மீனா அத்தை: இவ்வளவும் படித்தபின் எனக்கு நாளைக் கவலைதான். கதிர், நீ அப்பத்தாவை ஜூரோங்கில் இருந்து யீஷூனில் உள்ள துர்கா வீட்டுக்குத் தனியாகக் கூட்டிவர வேண்டும். அண்ணன் சாமான் வேனில் முன்னாலேயே வந்துவிடுவார். நீ இன்னும் புது ஓட்டுநருக்கான புரொபேஷன் தட்டு வேறு.

10:08 கதிர்: அத்தை, மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

10:16 சுந்தரம் மாமா: கதிர், வழியை இப்போதே மனதில் போட்டுக்கொள். பிஐஇ, பிகேஇ, எஸ்எல்இ என்று மூன்று விரைவுச்சாலைகள், பிறகு லெண்டோர் அவென்யூ எக்ஸிட், அங்கிருந்து யீஷூன் அவென்யூ 2. இதில் சுரங்கம் எதுவும் இல்லை. கவனிக்க வேண்டிய ஒரே இடம் பிகேஇயில் இருந்து எஸ்எல்இ பிரிவது. பலகையில் எஸ்எல்இ என்று பார்த்ததும் தடத்துக்கு வந்துவிடு, ஆப் சொல்லும்வரை காத்திராதே. தவறிவிட்டால் உட்லண்ட்ஸ் பக்கம் போய்விடுவாய். போகட்டும், அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வா. கைத்தொலைபேசியைத் தாங்கியில் வை, கையில் எடுக்காதே. கிளம்பும் முன்பே வழியைப் போட்டுவிடு.

10:18 கதிர்: போஸ்டல் கோட் போட்டால் நேராக வாசலுக்கே வந்துவிடும்தானே? ஆறு எண், ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்குக்கும் தனி எண்.

10:20 செல்வம் பெரியப்பா: புளோக் வந்துவிடும், கார்பார்க் நுழைவாயில் வராது. பின்பக்கச் சாலையில் நிறுத்தி "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லும், நடுவில் வேலியும் வடிகாலும் இருக்கும். அப்பத்தாவால் அவ்வளவு நடக்க முடியாது. துர்கா புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார்பார்க்குக்குத் தனி எண் இருக்கிறது, அதன் போஸ்டல் கோடை இப்போது அனுப்புகிறேன். அதைப் போடு.

10:22 கதிர்: சரி அப்பா. வழியைத் தாளில் எழுதி அப்பத்தாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் பலகை பார்த்துச் சொல்லட்டும். அந்தக் காலத்தில் ஸ்ட்ரீட் டைரக்டரியை மடியில் வைத்து உங்களுக்கு வழி சொன்னவர்தானே.

10:23 மீனா அத்தை: அம்மாவுக்கு அது மிகவும் பிடிக்கும். கவிதா இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

10:24 சுந்தரம் மாமா: நாளை கவிதாவோடு நான் முன்னால் உட்கார்ந்து வருகிறேன். காலாங்கில் இருந்து சுரங்கம் இல்லாத மேல் சாலையாகவே போவோம்.

10:31 கவிதா: நன்றி மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலை

8:50 கதிர்: கிளம்பிவிட்டோம். இனி பதில் போட மாட்டேன்.

9:37 கதிர்: வந்துவிட்டோம். கார்பார்க்கில் நிறுத்திவிட்டேன். எஸ்எல்இ பிரியும் இடத்தில் ஆப் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பத்தா "இடப்பக்கம் போடா" என்றார்.

9:38 மீனா அத்தை: அம்மாவை லிஃப்ட் வாசலிலேயே உட்கார வை. நான் இறங்கி வருகிறேன், பூ இன்னும் கட்டி முடிக்கவில்லை.