78 சுற்று இசைத்தட்டில் வால்ட்ஸின் இரண்டாம் அடி முந்துவது ஏன்?

மாட்டுங்காவாசி:
சென்ற மாதம் சோர் பஜாரில், ஜார்ஜ் செல் 1934இல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திப் பதிவு செய்த ‘நீல டான்யூப்’ வால்ட்ஸின் (மூன்றடித் தாளத்தில் அமைந்த நடன இசை) அரக்குத் தட்டு ஒன்று எனக்குக் கிடைத்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், மூன்றடியில் இரண்டாவது அடி என் கை இறங்குவதற்கு ஒரு நூலிழை முன்பே விழுந்துவிடுகிறது. தட்டின் நடுத்துளை விலகியிருப்பதால் வேகம் ஆடுகிறதா? தற்காலப் பதிவுகளில் ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும் இந்தப் படைப்பு, இங்கே இரு பக்கமும் சேர்ந்தும் அவ்வளவு நேரம் ஓடவில்லை என்பது இன்னொரு ஐயம்.

செம்பூர் ரசிகர்:
துளை விலகியிருந்தால் தட்டு சுற்றும் ஒவ்வொரு முறையும் சுருதியும் கூடவே ஏறி இறங்கும். தொடக்கத்தில் வரும் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியின் நீண்ட ஸ்வரத்தைக் கவனியுங்கள். அது அலையாமல் நின்றால் தட்டின் மேல் குற்றமில்லை. இரண்டாம் அடியைச் சற்றே முந்தவிடுவது வியன்னாக் கலைஞர்களின் வழக்கம். அச்சிட்ட தாளில் மூன்று அடிகளும் சம அளவில்தான் இருக்கும். நம் கமகத்தைப் போல இதுவும் மூத்தவர்களோடு உட்கார்ந்து வாசித்துப் பழகுவது. இசைக்குழு நடத்துநர் கிளெமென்ஸ் கிராஸ் 1950களின் தொடக்கத்தில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக வியன்னா பில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவுகளில் இது மிகத் தெளிவாகக் கேட்கும். 1954இல் அவர் மறைந்த பின், அக்குழுவின் முதன்மை வயலின் கலைஞரான வில்லி போஸ்கோவ்ஸ்கி 1955 முதல் 1979 வரை அதன் புத்தாண்டுக் கச்சேரிகளைக் கையில் வயலினோடே நடத்தினார். நம் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தாவும் 1990 தொடங்கி ஐந்து முறை அந்த மேடையில் நின்றிருக்கிறார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தாதர் பழைய தட்டு:
மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: எல்லா வால்ட்ஸிலும் எல்லா இடத்திலும் இந்த முந்தல் ஒரே அளவில் இராது, ராகம் போல மெட்டு இழைந்து செல்லும் இடங்களில் மிகுந்தும், வேகம் பிடித்ததும் கரைந்தும் போகும். ஈரடித் தாளத்தில் ஓடும் ‘டிரிட்ச் டிராட்ச்’ போன்ற விரைவுப் போல்கா நடன இசைகளில் அதைத் தேடிப் பயனில்லை. நேரத்தைப் பொறுத்தவரை, 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். ஆகவே, மறுமுறை வாசிக்க வேண்டிய பகுதிகளை வெட்டிவிடுவார்கள். நிரவலையும் ஸ்வரத்தையும் உதறிவிட்டு மூன்று நிமிடத்துக்குள் கீர்த்தனையைப் பாடி முடித்த நம் பழைய தட்டுகளின் கதையும் இதுவே.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: பிற்கால எல்பி தட்டுகளுக்கான ஊசியை இதில் வைக்காதீர்கள், இதன் பள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான முனையைக் கேட்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பதால் அது கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கவும் கூடாது.

மாட்டுங்காவாசி:
இருவருக்கும் நன்றி. ஹார்ன் ஸ்வரம் அசையாமல் நின்றது. ஊசியை மாற்றியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. தட்டைத் துடைக்க சானிடைசரும் பஞ்சும் மேசைமேல் எடுத்து வைத்திருந்தேன். முதல் வேலையாக அவற்றைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டேன்.