புதுப்பிப்பு: மெஸ், அறைத்தோழி, சுண்டல்

பால், நெய் எதையும் தொடாத எனக்கு விடுதி மெஸ்ஸில் சாப்பிட வழியில்லை, நான் குயர் (பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வழக்கமான வகைக்குள் வராதவள்) என்று அறைத்தோழியிடம் சொல்வதா வேண்டாமா என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இரண்டும் முடிந்தது.

மெஸ் அக்கா நெய் ஊற்றுமுன் எனக்கு இரண்டு கரண்டி பொங்கலைத் தனியாக எடுத்து வைக்கிறார். கேட்டேன், அவ்வளவுதான். காப்பிதான் கடுங்காப்பி.

அறைத்தோழியிடம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சொன்னேன். மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள். சைக்கிள்களைத் தடுப்புக்கு வெளியே பூட்டிவிட்டு காந்தி சிலை வரை நடந்தோம். சொல்லி முடித்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சுண்டல் பொட்டலத்தை நீட்டி, "தேங்காய் போட்டிருக்குடி, நீ சாப்பிடலாமா?" என்றாள். தேங்காய்க்கும் மாட்டுக்கும் என்னடி சம்பந்தம்!

கடலூரில் வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்கு அம்மாவின் நெய் மைசூர்பாக்கை வேண்டாம் என்பதே முதல் சண்டை.