சுற்றுலாத் திட்டக் கூட்டத்துக்கு விடுதிக்காரர்கள் மட்டுமே வருகிறார்கள்: மற்ற ஊர்க்காரர்களை எப்படிச் சேர்ப்பது?

கரைவேலி:
சுமார் 400 வீடுகள் உள்ள சிற்றூருக்கு ஐந்தாண்டுச் சுற்றுலாத் திட்டம் எழுத வேண்டும். அறிவிப்பு ஒட்டிக் கூட்டம் போட்டால் விடுதி, வண்டி வைத்திருப்பவர்கள்தான் வருகிறார்கள். கூலி வேலைக்காரர்கள், பெண்கள், சுற்றுலாவால் ஒரு காசும் பார்க்காத குடும்பங்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இவர்கள் கருத்தை நம்பகமாக வாங்குவது எப்படி? வாங்கியதைத் திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? ஊருக்கு வருமானப் பங்கு என்று எழுதினால் அது ஏட்டோடு நிற்காமல் இருக்க என்ன வழி?

நடைபாதை:
கருத்து வாங்குவதற்குப் பொதுக்கூட்டத்தை நம்பாதீர்கள். கடைசியில் உறுதிசெய்ய மட்டுமே அது உதவும். முதலில் வீடு வீடாகப் போக வேண்டும்.

50 வீடு போதும், ஆனால் எந்த வீடு என்பதை நீங்கள் பொறுக்கக் கூடாது. தெருவாரியாக எண் போட்டு, 1 முதல் 8 வரை சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு எட்டாவது வீடாகப் போங்கள். கதவைத் திறந்தவரிடமே பேசினால் பெரும்பாலும் குடும்பத்தலைவர் கருத்துதான் கிடைக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். பிறந்தநாள் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பெயர்ச்சீட்டு எடுக்கலாம். பூட்டிய வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள். வேறு நேரத்தில் இருமுறையாவது திரும்பிப் போக வேண்டும். பகலில் பூட்டிக் கிடப்பவை பெரும்பாலும் நீங்கள் தேடும் கூலிக்காரர் வீடுகள்தான்.

என்னென்ன குறை இருக்கிறது என்று அறிய 50 வீடு தாராளம். விழுக்காடு சொல்லப் போதாது: 13 புள்ளி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 26 பேர் ஆம், 24 பேர் இல்லை என்று வந்தால் ‘பெரும்பான்மை விருப்பம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

‘சுற்றுலா வளரலாமா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தொல்லை என்று கேளுங்கள். பிறகு ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்கள்: பெண்கள் தனியே, கூலிக்காரர்கள் வேலை முடிந்தபின். ஊர் வரைபடத்தைத் தரையில் விரித்து, பயணிகள் வரலாம் என்றால் பச்சைப் பொட்டு, கூடாது என்றால் சிவப்பு, அனுமதியோடு என்றால் மஞ்சள். ஒரு எச்சரிக்கை: சிவப்புப் பொட்டுப் படத்தை வெளியிடாதீர்கள். பறவை கூடுகட்டும் இடம், வழிபாட்டு இடம் எல்லாம் அதில் இருக்கும். மறைக்க நினைத்த இடத்துக்கே அது வழிகாட்டியாகிவிடும்.

அளவுகோல்:
இரண்டாம் கேள்விக்கு. கருத்தைப் பின்னிணைப்பில் போட்டுவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்த திட்டத்தை வெளியிடுவதுதான் ஊரறிந்த வித்தை. முடிவுகளில் மக்கள் பங்கேற்பு எவ்வளவு என்று காட்ட ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வகுத்த எட்டுப் படி ஏணியில் கருத்துக்கேட்பு நான்காம் படி, அதாவது ஒப்புக்குச் செய்வது. முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கு கிடைப்பது ஆறாம் படியான கூட்டாண்மையிலிருந்துதான்.

ஒவ்வொரு குறையையும் அளக்கக்கூடியதாக மாற்றினால் ஆறாம் படிக்கு வரலாம். அமெரிக்க வனத்துறை 1985-இல் வெளியிட்ட ‘ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை’ முறையின் சாரம் இதுதான்: எத்தனை பேர் வரலாம் என்று தொடங்காமல், எவ்வளவு மாற்றம்வரை பொறுப்போம் என்று தொடங்குவது. ‘தண்ணீர் வருவதில்லை’ என்பதை ‘பொதுக்குழாயில் 15 லிட்டர் பாத்திரம் நிரம்பும் நேரம்’ ஆக்குங்கள். எடுத்துக்காட்டாக, 2 நிமிடம் தாண்டினால் எச்சரிக்கை, 3 நிமிடம் தாண்டினால் நடவடிக்கை. அந்த நடவடிக்கை என்ன என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். சீசன் நடுவில் எவரும் வாசலை அடைக்க மாட்டார்கள். இப்படி அளந்து பார்க்கும் குறியீடு ஐந்தாறு போதும். இருபது வைத்தால் இரண்டாம் மாதமே அளப்பது நின்றுபோகும். அளப்பது ஊர்க்காரர்களாகவே இருக்கட்டும். திட்டத்துக்கு முன் ஒரு சீசனும் ஒரு சீசனற்ற காலமும் அளந்து வைக்காவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது.

சராசரியையும் நம்ப வேண்டாம். ஆண்டுக்கு 36,500 பேர் என்றால் நாளுக்கு 100. அதில் பாதிப் பேர் 30 நாளில் வந்தால் அந்த நாள்களில் 608. ஊர் திணறுவது அன்றைக்குத்தான்.

இன்னொன்று: சுற்றுலா வளர வளர பூரிப்பு, பாராமுகம், எரிச்சல், பகை என ஊர்மனம் மாறும் என்று டாக்ஸி என்ற ஆய்வாளர் 1975-இல் சொன்ன நான்கு கட்டமும் ஒரே ஊரில் ஒரே நாளில் இருக்கலாம். பதில்களைத் தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

சிட்டா:
பணத்துக்கு வருகிறேன். ‘லாபத்தில் 5 விழுக்காடு’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கணக்கில் லாபத்தைச் சுழியமாக்குவது எளிது. அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வையுங்கள். வருகைப் பதிவேட்டை வைத்தே சரிபார்க்கலாம்.

நமீபியாவில் 1996 சட்டத்திருத்தம், காட்டுயிர்ச் சுற்றுலா வருமானத்துக்கான உரிமையை ஊர்ச்சமூகங்களின் ‘கன்சர்வன்சி’களுக்கு (காட்டுயிரைக் காத்து மேலாளும் ஊர் அமைப்புகளுக்கு) கொடுத்தது. பதிவுசெய்ய உறுப்பினர் பட்டியல், ஒத்துக்கொண்ட எல்லை, விதிமுறை, பயனைப் பங்கிடும் திட்டம் எல்லாம் கேட்கிறார்கள். அதில் முதலில் செய்ய வேண்டியது உறுப்பினர் பட்டியல். ‘ஊர்’ என்றால் யார் யார் என்று பணம் வருவதற்கு முன்பே எழுதாவிட்டால், வந்தபின் அடிதடிதான். வாடகைக் குடியிருப்போர் சேர்த்தியா இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் இழுபறி வரும்.

பணத்தை நிர்வகிக்கும் குழு 11 பேர் என்றால் சுற்றுலாத் தொழிலில் உள்ளவர்கள் 4 பேருக்கு மேல் வேண்டாம். காசோலைக்கு மூன்று கையெழுத்து. அதில் ஒன்று சுற்றுலா வருமானமே இல்லாத வீட்டிலிருந்து. தன் தொழிலைத் தொடும் தீர்மானத்தில் எந்த உறுப்பினரும் வாக்களிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவு பொதுச்சுவரில். கூலிக்காரர் குழுவில் நிலைக்க வேண்டுமானால், அமர்வு ஒன்றுக்கு அவர் இழக்கும் கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

கரைவேலி:
நன்றி. ஆனால் 4 இடம்தான் என்றால் விடுதிக்காரர்கள் வெளிநடப்பு செய்வார்களே? பதிவேடு அவர்கள் கையில்தானே இருக்கிறது?

சிட்டா:
செய்வார்கள், முதலிலேயே எண்ணிக்கையைப் பேசினால். சிவப்புப் பொட்டு நீக்கிய வரைபடமும் தெருவாரிக் குறைகளும் சுவரில் ஏறிய பிறகு பேசுங்கள். முதல் சீசனில் தொகையைக் குறைவாக வைத்து, முழுவதையும் குப்பை அகற்றுவதில் போடுங்கள். குப்பை நாறினால் அறை காலியாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பதிவேடு காட்டும் விடுதிகளின் பெயரை மட்டும் ஊரின் அதிகாரபூர்வப் பட்டியலில் போடுங்கள்.