கோச்சிச் சத்தமும் டூ ஸ்ட்ரோக்கின் மூச்சும்

மாங்குளத்தான்:
எங்கட வீடு ஸ்டேசனுக்குப் பின்பக்கம். எண்பதுகளில் இரவில் கோச்சி வந்தால், படுத்த பாயில இருந்தே என்ன எஞ்சின் எண்டு சொல்லுவன். கனடாவில இருந்து 1954 முதல் வந்த எம் 2 எண்டால் இடைவெளியில்லாத ஒரே முழக்கம். 1975இல் வந்த எம் 4 எண்டால் திடுதிடு எண்டு அடிக்கும். காரணம், பிறகு மெக்கானிக் வேலை பழகேக்கதான் விளங்கிச்சு.

ரெண்டிலயும் 12 சிலிண்டர்தான். எம் 2 டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் கீழ இறங்குற ஒவ்வொரு முறையும் வெடி. நிமிசத்துக்கு 835 சுற்று ஓடினால் செக்கனுக்கு 167 வெடி. எம் 4 ஃபோர் ஸ்ட்ரோக். காத்தை இழுக்க, அமத்த, வெடிக்க, புகையைத் தள்ள எண்டு ரெண்டு சுற்று வேணும். அதே வேகத்தில் வெடி பாதிதான்.

அதுக்காக டூ ஸ்ட்ரோக்கில பலம் இரட்டிப்பாகாது. அதுக்குச் சொந்த மூச்சு இல்லை. பிஸ்டன் அடியில நிக்கிற கண நேரத்துக்குள்ள சிலிண்டர்ச் சுவரில உள்ள துளைகளால புதுக்காத்து புகுந்து, மேல இருக்கிற நாலு வால்வாலயும் புகையைத் தள்ளவேணும். எம் 2இல அந்தக் காத்தை ஊதுறது புளோவர். அதைச் சுத்துறதும் எஞ்சின்தான், பலத்தில ஒரு பங்கு அதுக்கே போயிடும்.

எம் 4 வெளிக்கிடேக்க அம்மம்மா கொடியில காயுற வேட்டியை எடுக்க ஓடுவா. அவ்வளவு கரும்புகை! டீசல் உடன கூடும்; புகையின்ர உந்தில சுத்தி எஞ்சினுக்குக் காத்தை ஊதுற டர்போ வேகமெடுக்கச் சுணங்கும். காத்துக் காணாமல் டீசல் அரைகுறையா எரியும்.

கரைத்துறையான்:
அண்ணை, நான் முல்லைத்தீவு. எண்ணெய்க் கப்பலில எஞ்சின் ரூம் வேலை. எங்கட மெயின் எஞ்சினும் டூ ஸ்ட்ரோக்தான், ஆனால் உந்த முழக்கம் இல்லை. நிமிசத்துக்கு 100 சுற்று, 6 சிலிண்டர், செக்கனுக்கு 10 வெடிதான். சிலிண்டருக்குள்ள ஆள் இறங்கி நிண்டு பாக்கலாம். கியரே இல்லை. பின்னுக்குப் போகவேணுமெண்டால் எஞ்சினை நிப்பாட்டி, 30 பார் அமுக்கக் காத்தை விட்டு எதிர்ப்பக்கமாச் சுத்தவைக்கிறது. முதல்முறை பாத்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. கரண்டுக்கு நிக்கிற ஜெனரேட்டர்கள் மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்.

நீங்கள் சொன்ன அந்த மூச்சு இங்கயும் பெரிய விசயம். மெதுவா ஓடேக்க டர்போ போதாது, கரண்டில ஓடுற துணை புளோவர்தான் ஊதும். துறைமுகம் கிட்டினதும் நான் முதல் பாக்கிறது அது ஓடுதா எண்டுதான்.