ரோமியோ ஜூலியட் முதல் சந்திப்பு: உங்கள் மனதை விட்டுப் போகாத நொடி எது?

கடைசிவரிசை:
ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஜூலியட்டின் தந்தை கபுலெட் வீட்டில் நடக்கும் விருந்துதான். கதை எல்லோருக்கும் தெரியும், நேராக அந்த இடத்துக்கு வருகிறேன். ஜூலியட்டைப் பார்த்த ரோமியோ வாய்விட்டு வியக்கிறான். அந்தக் குரலை வைத்தே இவன் பகைக் குடும்பமான மாண்டேகுவைச் சேர்ந்தவன் என்று கண்டுபிடித்து, ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட் வாளைக் கேட்கிறான். கபுலெட் அதட்டி அடக்குகிறார். நான் பார்த்த மேடையில், டிபால்ட் வெளியே போகும்போது அவன் தோள் ஜூலியட் மேல் உரசியது. அவள் திரும்பக்கூட இல்லை. அதற்குள் ரோமியோ அவள் கையைத் தொட்டுவிட்டான். காதலைச் சொன்ன குரலே அவனைக் காட்டிக்கொடுத்தது என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

கேள்விக்காரி:
எல்லாம் சரி, ரோமியோ அங்கே போனதே, அதுவரை அவன் காதலித்த ரோசலினைப் பார்க்கத்தானே? மூல நாடகத்தில் அவளுக்கு ஒரு வசனமும் கிடையாது. நான் பார்த்த நாடகத்தில் விருந்தாளிகளுக்கு நடுவே அவளை நிற்க வைத்திருந்தார்கள். ரோமியோ அவளைக் கடந்து ஜூலியட்டிடம் போனான். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. இளைஞர்களின் காதல் இதயத்தில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்று லாரன்ஸ் பாதிரியார் மறுநாள் கடிந்துகொள்கிறாரே, நான் அவர் கட்சி.

உரக்கப்படிப்பவன்:
கேள்விக்காரி, இதை ஏற்க மாட்டேன். ரோசலினை நினைத்து அவன் தனியாகப் புலம்பினான், அவ்வளவுதான். ஜூலியட் பதில் பேசுகிறாள். நண்பரோடு சேர்ந்து அந்தப் பகுதியை உரக்கப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அவர்கள் பேசும் முதல் 14 வரிகள் சேர்ந்து ஒரு சானெட், அதாவது 14 வரிக் கவிதை. அவன் நாலு வரி, அவள் நாலு வரி, அப்புறம் மாறி மாறி. தன்னை யாத்திரிகன் என்று சொல்லி அவன் முத்தம் கேட்கிறான். யாத்திரிகர்களுக்கு உள்ளங்கைகள் சேர்வதே முத்தம் என்று அவள் மடக்குகிறாள். வெறும் கண் மயக்கத்தில் இப்படிப் பேச்சு வருமா?

இதை மேடையேற்ற நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். 14 வரி முடியும்வரை முத்தம் வேண்டாம். நேரமில்லை என்று டிபால்ட் பகுதியை வெட்டாதீர்கள், ஆபத்து தெரிந்தால்தான் அந்தக் கைகள் சேர்வதில் உயிர் இருக்கும். ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை, அவளைக் கைதேர்ந்த காதலியாக நடிக்கவிடாதீர்கள். அவசரத்தையும் குறைக்காதீர்கள். 1562இல் வந்த ஆர்தர் புரூக்கின் கவிதையில் இதே கதை மாதக்கணக்கில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் அதைச் சில நாட்களுக்குள் அடக்கினார். ஞாயிறு இரவு பார்க்கிறார்கள், திங்கள் கல்யாணம். மேடையில் மூச்சு வாங்கத்தான் வேண்டும்.

நிலாமுற்றம்:
எனக்கு விருந்து முடிந்த பிறகு வரும் இடம். அவன் யார் என்று செவிலித்தாயிடம் நேராகக் கேட்க ஜூலியட்டுக்குத் துணிவில்லை. வெளியே போகிற வேறு இரண்டு பேரைக் காட்டி, யார் யார் என்று முதலில் கேட்கிறாள். நான் பார்த்த நடிகை அந்தப் பதில்களைக் காதிலேயே வாங்கவில்லை, கண் முழுக்க ரோமியோ முதுகில். பெயர் தெரியும் முன்பே, அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் கல்லறைதான் என் மணப்படுக்கை என்று சொல்லிவிடுகிறாள். கேள்விக்காரி, உங்கள் நாடகத்தில் அந்த நேரம் ரோசலினும் மேடையில் இருந்தாளா?