ஸ்மூத்தி குடித்தால் இட்லியைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: எடை குறைக்கலாம் என்று ஒரு மாதமாகக் காலையில் ஸ்மூத்தி குடிக்கிறேன். இரண்டு வாழைப்பழம், 300 மில்லி பால், நாலு பேரீச்சை, ஒரு மேசைக்கரண்டி தேன், அதே அளவு வேர்க்கடலை வெண்ணெய். அப்புறம் வழக்கம்போல மூன்று இட்லி. எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது! எங்கே தப்பு?

பதில் 1: அந்த டம்ளரைக் கூட்டிப் பாருங்க. பழம் 200, பால் 180, பேரீச்சை 90, தேன் 60, கடலை வெண்ணெய் 95, ஆக 600 கலோரியைத் தாண்டுகிறது, அதாவது கிட்டத்தட்ட பத்து இட்லி. அதற்கு மேல் மூன்று இட்லி வேறு.

பதில் 2: நானும் இப்படித்தான் ஏமாந்தேன். இரண்டு வாழைப்பழத்தை உரித்து மென்று தின்றால் வயிறு போதும் என்று சொல்லிவிடும், மிக்ஸியில் அடித்தால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது, நிறைந்தது மூளைக்குத் தெரியவே இருபது நிமிடம் ஆகும். இப்போது சின்ன டம்ளர்தான், அரைப் பழம், புளிக்காத தயிர், கொஞ்சம் ஊறவைத்த ஓட்ஸ், இனிப்பே கிடையாது. கூட இரண்டு இட்லி, சாம்பார். பெரிய டம்ளர் என்றால் அதுதான் டிபன், இட்லி கிடையாது.

பதில் 3: பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை (NHS) பழச்சாறு, ஸ்மூத்தி இரண்டையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 150 மில்லிதான் என்கிறது. அரைத்ததும் பழத்தின் சர்க்கரை வெளியே வந்துவிடுவதால் பல்லுக்கும் ஆகாது.

கேள்வி கேட்டவர்: பத்து இட்லியா! சரி, நாளை முதல் தேனும் பேரீச்சையும் கட். கடலை வெண்ணெயை மட்டும் விட மனசில்லை, ஒரு டீஸ்பூன் போட்டுக்கொள்கிறேன்.